கொலைகார வக்கீல் தோற்கடித்த நாவல்

தான் எழுதிய புத்தகம் தப்பும் தவறுமான புத்தகம் என்று கோர்ட்டில் நிரூபிக்க, கறுப்புக் கோட்டு நனைய நனைய வாதாடிய எழுத்தாளர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரிடம் நான் கொஞ்ச காலம் ஜூனியராக இருந்தேன்.

கோவில்பட்டியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘கொலைகார வக்கீல்’ என்பார்கள். அவர் எதிரிலேயே, வாய் கூசாமல். வெளியூர்க் கட்சிக்காரர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, “கொலைகார வக்கீல் ஆபீசு எங்கன இருக்கு?” என்று கேட்டால், ஆட்டோக்காரர் மறுபேச்சு இல்லாமல் ஏற்றிக்கொண்டு வந்து உரக்கடை மாடிப்படியில் விட்டுவிட்டுப் போவார். பெரிய பெரிய கொலைக் கேஸ் நடத்துகிறவர் போல என்று வந்தவர் நடுங்கிக்கொண்டே படியேறுவார். மேலே போனால், சார் வரப்புத் தகராறு பேசிக்கொண்டிருப்பார். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், பாதைப் பிரச்சினை, இவைதான் அவர் தொழில். கொலைகளை எழுத மட்டும்தான் செய்தார். மாதம் ஒரு நாவல். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்குமே, அந்த மாத நாவல்.

வீட்டில் அவர் மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்பார்: “இந்த மாசம் எத்தன பேர அடிச்சுப் போட்டிருக்கிய?”

“ரெண்டே ரெண்டுதான்.”

“போன மாசத்துக்குத் தேவல. ரசம் ஊத்தட்டுமா?”

நாவலுக்கென்று சார் ஒரு தாள்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. டைப் அடித்துப் பிழையாகிப்போன பிராது, பழைய வக்காலத்து, தீர்ந்துபோன கேஸ்களின் நகல், எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, முதுகில் எழுதுவார். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அண்ணன் தம்பிகள் கிணற்றைப் பங்கு பிரிப்பார்கள். மறுபக்கத்தில் யாராவது ஒருவர் தலையில் அடிபட்டுக் கிடப்பார். ஒரு தடவை, அவரே தைத்த பிராதில் நாவல் பக்கம் முன்னால் தெரியும்படி ஒரு தாள் புகுந்து, முன்சீப் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. முன்சீப் அமைதியாகப் படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

“வக்கீல் சார், ‘ரேகா வீறிட்டாள், அறைக்கதவு தானாகத் திறந்தது’ன்னு போட்டிருக்கே. யார் இந்த ரேகா? பிரதிவாதிகள்ல அப்படி ஒரு பேர் இல்லையே?”

சார் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. “அவிய இறந்துட்டாவ, யுவர் ஆனர். வாரிசு யாருமில்ல. பேரை நீக்கிரலாம்” என்றார்.

அவருடைய ரேகாக்கள் எல்லாம் ஊட்டி பங்களாவில் சாவார்கள், அல்லது பம்பாயில் பத்தாவது மாடியில். சார் மதுரைக்கு வடக்கே போனதில்லை. ஒரு நாவலில் ஊட்டியில் இடுப்பளவு பனி கொட்டி, துப்பறிவாளர் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போவார். ஊட்டியிலிருந்து ஒரு வாசகர், இங்கே அப்படியெல்லாம் பனி விழாது என்று கார்டு போட்டிருந்தார். சார் பதில் எழுதினார்: “தங்கள் கடிதத்தில் கண்டுள்ள சங்கதிகள் யாவும் உண்மைக்குப் புறம்பானவை என்று மறுக்கப்படுகின்றன.”

ஆனால் ஒரே ஒரு நாவலைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் விளையாட்டாகப் பேசிவிட முடியாது. ‘மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்’ என்பது அதன் பேர். அதில் ஊட்டி இல்லை, பம்பாய் இல்லை, ரேகா இல்லை. நம்ம கரிசல் காடுதான். குடித்துவிட்டு வந்து தினமும் அடிக்கிற புருஷன். அடி வாங்கி வாங்கி ஒரு நாள் முடிவெடுக்கிற பெண்சாதி. கோடையில், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்று மேட்டில் அவள் சாயங்காலம் நாலு குடம் தண்ணீரை ஊற்றி வைக்கிறாள். விடியாமல் மோட்டார் போட வருகிறவன், ஈரக் கரிசலில் வழுக்கி உள்ளே போகிறான். ஊருக்குச் செய்தி தெரிந்து, போலீஸ் வருவதற்குள் வெயில் மண்ணைக் காயவைத்துவிடுகிறது. தடயமே கிடையாது. அவள் தப்பித்துவிடுகிறாள்.

கடைசிப் பக்கத்தில் அவளைக் கைது செய்தே ஆகவேண்டும் என்று பதிப்பாளர் நின்றாராம். நாவலே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று சார் நின்றாராம். சார்தான் ஜெயித்தார். அதில் வருகிற ஒரு வரியை, கோர்ட்டு இல்லாத நாட்களில் அவராகவே முணுமுணுப்பார்: ‘ஈரம் குடித்த மண் சாட்சி சொல்லாது, வெயில் அதன் வாயை அடைத்துவிடும்.’

“மத்ததெல்லாம் பொழப்பு தாயி. இது ஒண்ணுதான் நான் பாத்து வளந்த மண்ணு” என்பார் என்னிடம்.

ஒரு நாள் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வந்தவர் ஒரு இன்ஸ்பெக்டர். ஆற்றுப்பாசன ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். சாரின் நாவல்களை ஒன்று விடாமல் படிக்கிறவர். முன்பு ஒருமுறை கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கையில் அல்வாப் பொட்டலம்.

“சார், உங்களாலதான் ஒரு கேஸ உடைச்சேன்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

கழுகுமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விடிகாலையில் மோட்டார் போடப் போனவன் கிணற்றுக்குள் செத்துக் கிடந்திருக்கிறான். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. தற்செயலாக விழுந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். இவர் விசாரிக்கப் போன இடத்தில், வீட்டு மாடக்குழியில் ‘மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்’ இருந்திருக்கிறது. செத்தவனின் அண்ணன் தம்பிகளும், அவன் பெண்சாதி முந்தின நாள் சண்டையில் ‘நீ கெணத்துல விழுந்து சாவு’ என்று கத்தியதைச் சொல்லியிருக்கிறார்கள்.

“எனக்குப் படார்னு பொறி தட்டிருச்சு சார். உங்க கதைல வர்றது அப்படியே! பொம்பளையைப் பிடிச்சு உள்ள வச்சாச்சு. உங்களுக்குத்தான் முதல்ல ஸ்வீட் குடுக்கணும்னு வந்தேன்.”

சார் பொட்டலத்தை வாங்கினார். நன்றி சொன்னார். இன்ஸ்பெக்டர் இறங்கிப் போன பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உரக்கடையிலிருந்து மருந்து வாடை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

“அந்தப் பிள்ளைக்கு வக்கீல் வச்சிருக்காவளான்னு விசாரி” என்றார் கடைசியில்.

வைக்கவில்லை. பேர் சண்முகத்தாய். ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவள். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை. சிறையில் அவளைப் பார்க்க சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒடிசலான உடம்பு, இடது புருவத்தில் பழைய தழும்பு.

“நான் ஒண்ணும் செய்யல சார்” என்று ஆரம்பித்தாள்.

“அத நான் கேக்கல தாயி. இந்தப் புஸ்தகம் உங்கிட்ட எப்படி வந்துச்சு?”

“வேல பாக்குற எடத்துல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாசம் ஒண்ணு வாங்குவோம். ஒருத்தி வாசிப்பா, மத்தவிய பெட்டிய அடைச்சுக்கிட்டே கேப்போம். இத மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வச்சுக்கிட்டேன்.” பிறகு சந்தேகமாகக் கேட்டாள்: “நீங்கதான எழுதினது? அட்டைல போட்டா போட்டிருக்கு.”

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

கொலைக் கேஸ் நடத்திப் பழக்கமில்லாத மனிதர். மதுரையிலிருந்து பெரிய வக்கீல் யாரையாவது அமர்த்தித் தரலாமே என்று பார் அசோசியேஷனில் சிலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மாறாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு கையிலும் இரண்டிரண்டு காலி பிளாஸ்டிக் குடங்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். இடைசெவலில் அவருடைய மாமன் மகனுக்குக் காடும் கிணறும் இருந்தன.

டிக்கெட் போட வந்த கண்டக்டர், குடங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன வக்கீல் சார், தண்ணி தேடியா போறீக? அங்கனயும் இல்லையே.”

“ஒரு கொலை செய்யணும்” என்றார் சார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

காடு வெயிலில் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் கையை முழங்கை வரை விடலாம். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாவலில் எழுதியிருந்தபடியே, கிணற்று மேட்டில் முதல் குடத்தை ஊற்றினார். ‘களக்’ என்று ஒரு சத்தம். தண்ணீரைக் காணோம். இரண்டாவது குடம். மூன்றாவது. நாலாவது குடத்தையும் வெடிப்பு குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்பது போல வாயைத் திறந்தபடியே கிடந்தது.

“அத்தான், எதுக்கு இந்தப் பாடு? குழாயத் திருப்பி விடுதேன்” என்றார் மாமன் மகன். மோட்டார் ஓடியது. வெகுநேரம் கழித்து ஒருவழியாக மண் குழைந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். இரண்டாவது எட்டில் கால் வாரிவிட்டது. கிணற்றுக்குள் அல்ல, எதிர்ப்பக்கமாக, ‘தொப்’பென்று உட்கார்ந்துவிட்டார்.

“வழுக்குது தாயி! வழுக்குது!” என்று சிறுபிள்ளை போலக் கத்தினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. எழுதினது பொய்யில்லை என்ற சந்தோஷம். அடுத்த நிமிஷமே அது வடிந்துவிட்டது. வழுக்கினால் சண்முகத்தாய்க்கு ஆயுள் தண்டனை. சேற்றில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். தூக்கிவிட நானும் மாமன் மகனும் போனோம். கையை வேண்டாம் என்று ஆட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கிணற்று மேட்டுக்குப் போனோம். மண்ணின் மேல்பக்கம் காய்ந்திருந்தது. புத்தகம் சொன்னது சரிதான், மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. ஆனால் காய்ந்த மண்ணில் சாரின் காலடிகள், விரல் விரலாக, அச்சு வார்த்தது போல் பதிந்திருந்தன. கால் இழுத்துக்கொண்டு போன கோடு. அதற்கு அந்தப் பக்கம், வக்கீல் ஒருவர் உட்கார்ந்ததற்கான முழு அத்தாட்சி. மாமன் மகன் சிரிப்பை அடக்க முடியாமல் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார்.

சார் சிரிக்கவில்லை. குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது.

“மண்ணு பூராத்தையும் சொல்லிருதே தாயி” என்றார். “நான் இது சொல்லாதுன்னு எழுதிட்டேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது, கிணற்று மேட்டைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரை எடுத்து மறுபடி படித்தார்; அதில் தடம் என்ற பேச்சே இல்லை. அவள் பிழைத்தாள் என்பது அந்தத் தடத்தைப் பார்த்ததுமே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நாவல் பிழைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணைக்குத் தூத்துக்குடிக்குப் போய் வந்தோம். நாவலை அரசுத் தரப்புச் சான்றாக வைத்திருந்தார்கள். அட்டையில் சாரின் போட்டோவுக்குப் பக்கத்திலேயே கோர்ட்டு முத்திரை. முதலில் கிராம நிர்வாக அலுவலர் கூண்டில் ஏறினார். கரிசலில் ஈரத்தில் கால் வைத்தால், காய்ந்த பிறகு தடம் இருக்குமா என்று சார் கேட்டார்.

“அடுத்த மழை வரைக்கும் அழியாது சார். எங்க வாசல்ல போன ஐப்பசியில நடந்த மாட்டுத் தடம் இன்னும் கெடக்கு” என்றார் அவர்.

அடுத்து இன்ஸ்பெக்டர்.

“கிணத்து மேட்டுல காலடித் தடம் ஏதும் பாத்தீங்களா?”

“இல்ல.”

“வழுக்கின தடம்?”

“இல்ல. மண்ணு காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது. பார்வை மகஜர்ல தெளிவா எழுதியிருக்கேன்.”

“அப்போ அங்க தண்ணி ஊத்தினாங்கன்னு சொல்லுறதுக்குத் தடயம் என்ன?”

இன்ஸ்பெக்டர் தாராளமாகப் புன்னகைத்தார். “தடயம் இல்லாததுதான் சார் தடயம். புத்தகத்துல அப்படித்தானே வருது?”

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி முத்திரை குத்திய புத்தகத்தை எடுத்து, அட்டைப் படத்தையும் சாரையும் பார்த்தார். “வக்கீல் சார், இதை எழுதினவர்…” என்று இழுத்தார்.

சார் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

“எழுதினவர் விவரங்கெட்ட ஆள், யுவர் ஆனர். அவருக்கு நான் ஆஜராகலை. இந்தப் பொண்ணுக்குத்தான் ஆஜராகுதேன்.”

அன்றைக்கும் அடுத்த வாய்தாவிலும் அவர் அந்த நாவலைப் பக்கம் பக்கமாகக் கொன்றார். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நாலு குடம் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். மகஜரைப் படித்தார், நாவலைப் படித்தார், மறுபடி மகஜரைப் படித்தார். கடைசியில் அந்த வரிக்கு வந்தார். புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “‘ஈரம் குடித்த மண் சாட்சி சொல்லாது’ன்னு இதுல எழுதியிருக்கு. பச்சைப் பொய். கரிசல் மண்ணைப் போல சாட்சி சொல்லுற மண்ணு வேற கிடையாது. இந்தக் கேஸ்ல மண்ணு என்ன சொல்லுது? என் மேல யாரும் தண்ணி ஊத்தலைன்னு சொல்லுது. கதை எழுதினவன் பேச்சை நம்புறதா, மண்ணு பேச்சை நம்புறதா?”

உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். டம்ளர் முழுவதையும் ஒரே மடக்கில் குடித்தார்.

சண்முகத்தாய் விடுதலையானாள்.

வராந்தாவில் அவளுடைய அம்மா சாரின் காலில் விழப்போக, அவர் பதறி விலகினார். சண்முகத்தாய் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். என்னவென்று சார் கேட்டார். கொட்டிவிட்டாள்.

“நீங்க அந்தக் கதைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார். உள்ள இருந்தப்ப எல்லாருக்கும் அந்தக் கதையத்தான் சொன்னேன். எத்தன தடவ கேட்டாவ தெரியுமா?”

“அதுல உள்ளது தப்பு தாயி. தடம் அழியாது.”

“அது எங்களுக்குத் தெரியாதா? அந்த மண்ணுலதான கெடக்கோம்? தீப்பெட்டி ஆபீஸ்ல முதல் தடவ வாசிக்கும்போதே தெரியும்.”

சார் திகைத்துப் போனார். “தெரிஞ்சுமா படிச்சீங்க?”

“பின்ன? அவ தப்பிச்சிரணும்ல.”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பட்டையின் நுனியால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். அவள் தன் அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து, திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

‘தன் நாவல் பொய் என நாவலாசிரியரே வாதம்’ என்று பேப்பரில் வந்துவிட்டது. பதிப்பாளர் அடுத்த கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்ததையும். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் சாரின் போட்டோ தொங்குவது நின்றது. இன்ஸ்பெக்டரும் மாற்றலாகிப் போனார். துப்பறியும் கதை படிப்பதையே விட்டுவிட்டதாகக் கேள்வி. நானும் கொஞ்ச நாளில் வக்கீல் தொழிலை விட்டுப் பத்திரிகைப் பக்கம் வந்துவிட்டேன்.

அவர் மட்டும் எழுதுவதை விடவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் படியேறிப் பார்ப்பேன். ‘மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்’ நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். தடம் அழியாது என்றால் அவள் எப்படித் தப்பிப்பாள்? அதுதான் சிக்கல். ஒரு வருஷம் கோடை மழையைப் பெய்ய வைத்தார். சித்திரையில் அந்த நேரம் பார்த்து மழை வருவது நம்பும்படி இல்லை என்று அவரே அடித்துவிட்டார். அடுத்த முறை ஒரு கிடை ஆட்டைக் கிணற்று மேட்டில் ஓட்டிவிட்டார். ஆடுகள் வழுக்கி உள்ளே விழாதா என்று நான் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

“அவளைப் பிடிச்சுக் குடுத்துட்டா முடிஞ்சு போச்சே சார்” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“அந்த வக்காலத்த நான் வாபஸ் வாங்க மாட்டேன்” என்றார்.

போன வருஷம் சார் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி போன் செய்தார். “பேப்பரா குமிஞ்சு கெடக்கு. எடைக்குப் போட மனசு வரல. நீ வந்து என்னன்னு பாரு.” ஊர்க் கல்லூரி நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கித் தர ஒப்புக்கொண்டார்கள். உரக்கடை மாடியிலிருந்து சாக்குச் சாக்காக இறக்கினோம்.

இளவயது நூலகர் ஒரு தாளை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். “மேடம், இதுல எது முன்பக்கம்?” என்றார். அந்தக் கேள்விக்கே ஒரு வாரம் போனது. இதற்கிடையே செய்தி பரவி, பழைய கட்சிக்காரர்கள் தங்கள் பத்திர நகலைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருப்பவர் ஒருவர், தன் பாகப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாளே திரும்பி வந்தார். பத்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

“பத்திரம் சரியாத்தான் இருக்கு. பின்னால அந்த டாக்டரு ரூமுக்குள்ள போறதோட நிக்குது. உள்ள யாரு செத்துக் கெடந்தா? வீட்ல கேட்டு உசுர வாங்குதாவ” என்றார்.

எல்லாவற்றிலும் பெரிய கட்டு, அந்தக் கடைசி அத்தியாயம்தான். வருஷக்கணக்காக எழுதி எழுதி அடித்தது. இதில் எது இறுதி வடிவம், எதை மேலே வைக்க என்று நூலகர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன். ஒன்றில் மழை, ஒன்றில் ஆடு, ஒன்றில் புழுதிக்காற்று, ஒன்றில் ஊர்ப் பெண்களெல்லாம் சேர்ந்து, ஒன்றுமே தெரியாதவர்கள் போலக் குடத்தோடு அந்த மேட்டில் நடந்து போகிறார்கள். ஒன்றுகூட முழுசாகச் சரிவரவில்லை. ஒன்றில்கூட அவளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

வேலையெல்லாம் முடிந்து, அலமாரி கண்ணாடிக்குள் கட்டுகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. போன வாரம் கோவில்பட்டிக்கு வேறு வேலையாகப் போனவள், கால் போன போக்கில் அந்த நூலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். நூலகர் எழுந்து வந்தார்.

“என்ன மேடம், ஏதாவது பேப்பர் விட்டுப்போச்சா?”

“இல்ல தம்பி” என்றேன். “சாரப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”